சில்கி பிரிக்கிறவள்

பொரிப்பகத்தின் பின்பக்கம் ட்ரே கழுவும் கொட்டகை. காலை ஆறரைக்குக் குழாயைத் திறந்தால் மதியம் இரண்டு வரை மூடுகிற பேச்சே இல்லை. குஞ்சுகள் வெளியேறிய ட்ரேக்கள் முட்டை ஓடும் பஞ்சும் எச்சமுமாக ஆளுயரத்துக்கு அடுக்கிக்கொண்டு வந்து நிற்கும். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மருந்துத் தண்ணீரில் முக்கித் தேய்த்துக் கவிழ்ப்பார்கள். ஒருத்தி பெரியக்கா, ஒருத்தி சின்னக்கா. பெரியக்காவைவிடச் சின்னக்கா மூன்று வயது மூத்தவள். பெயர் வைத்தவர்கள் உடம்பைப் பார்த்து வைத்துவிட்டார்கள், மாற்ற யாருக்கும் நேரமில்லை.

சின்னக்கா எட்டு வருஷமாக அந்தத் தண்ணீரில் கையை வைத்திருக்கிறாள். விரலிடுக்கெல்லாம் வெளுத்து, வெடித்து, உப்புப் பட்டால் உயிர் போகும். தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வருஷம் ஈரம் படாமல் இருந்தால்தான் ஆறும் என்றார். அவர் மேல் தப்பில்லை, படித்ததைச் சொன்னார். ஈரம் படாத வேலை அந்தக் கம்பெனியில் ஒன்றே ஒன்றுதான் அவள் கண்ணில் பட்டது: கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் குஞ்சு பிரிக்கும் அறை. தலைக்கு மேல் மின்விசிறி, உட்கார நாற்காலி, சேவல் இந்தக் கூடை, பெட்டை அந்தக் கூடை. அதற்குள் போய்விட வேண்டும் என்று அவளுக்கு ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை, வெறி.

வாய்ப்பு சில்கி ரூபத்தில் வந்தது. சில்கி ஆசைக்கு வளர்க்கிற கோழி. இறகு இறகாக இருக்காது, முடி முடியாகப் புசுபுசுவென்று இருக்கும். உள்ளே தோல் கறுப்பு, காலில் ஐந்து விரல். கம்பெனி நாலு வருஷமாக அதைப் பொரித்து விற்கிறது. வாங்குகிறவர்களுக்கெல்லாம் பெட்டைதான் வேண்டும். சேவல் விடியலில் கூவினால் பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்துவிடுவான். மற்ற இனக் குஞ்சு என்றால் பிரிப்பு மாஸ்டர் பிறந்த அன்றே சிறகை விரித்துப் பார்த்துக் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவார். சில்கியின் சிறகை விரித்தால் முடிதான் தெரியும். அது கூவும்வரை அல்லது முட்டையிடும்வரை, ஐந்தாறு மாசம் தீனி போட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாமல் மாஸ்டர் இரண்டாம் மாசத்திலேயே குத்துமதிப்பாகப் பிரித்தார், பாதிக்குப் பாதி திரும்பி வந்தது.

அன்றைக்கு மேனேஜர் கொட்டகைப் பக்கத்திலேயே நின்று மாஸ்டரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் கையில் ஒரு சில்கிக் குஞ்சு, காலடியில் ஒரு கூடை. சின்னக்கா ட்ரேயைக் கீழே வைத்தாள். பெரியக்கா முழங்கையால் இடித்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று கண்ணாலேயே சொன்னாள். இவள் கேட்டால்தானே.

"சார், மாஸ்டர் கையில இருக்கிறது சேவல். கூடையில அந்த ஓரமா நிக்குதே வெள்ளை, அதுவும் சேவல்."

மாஸ்டர் சிரித்தார். பதினாறு வருஷச் சர்வீஸ்காரர், சிரிக்கத்தான் செய்வார். மேனேஜர் சிரிக்கவில்லை. திரும்பி வந்த கோழிகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவருக்கு நாக்கு வறண்டிருந்தது. நாற்பது குஞ்சு கொண்டுவரச் சொன்னார், எல்லாம் எட்டு வாரம். மாஸ்டர் இடது காலில் நம்பர் போட்ட வளையம் மாட்டட்டும், இவள் வலது காலில் மாட்டட்டும். சேவலுக்குச் சிவப்பு, பெட்டைக்கு நீலம். வளர்ந்து வரட்டும், பார்ப்போம் என்றார்.

"முப்பத்தஞ்சு சரியா வந்தா சில்கி பிரிக்கிறதுக்குன்னே உள்ள ஒரு நாற்காலி போடறேன். என் வார்த்தை."

சின்னக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். குஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தாள். முதலில் நெற்றி. கொண்டை முளைக்கிற இடம் சேவலுக்கு அகலமாகத் தடித்திருக்கும், பெட்டைக்குத் தேடினாலும் அகப்படாது. அடுத்து தலைமுடி. பெட்டைக்குப் பந்தாக உருண்டு நிற்கும். சேவலுக்குப் பின்பக்கமாக நாலு இழை நீண்டு வழியும். இதிலேயே முக்கால்வாசி பிரிந்துவிட்டது. சந்தேகமான ஒன்பதைத் தரையில் விட்டுவிட்டு, ஒரு துண்டு வேண்டும் என்றாள். மாஸ்டர் அதற்கும் சிரித்தார். அவள் துண்டை உதறிக் குஞ்சுகளின் தலைக்கு மேல் வீசினாள். ஐந்து அப்படியே தரையோடு தரையாகப் பதுங்கின. நாலு மட்டும் கழுத்தை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, என்ன அது என்று பார்த்தன. அந்த நாலுக்கும் சிவப்பு மாட்டினாள்.

அவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், பொரியாத சில்கி முட்டைகளைக் குப்பைத் தொட்டியில் கொட்டும்போது ஒரு முட்டைக்குள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்டது. சாப்பாட்டு டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். பிறகு இன்னொன்று, பிறகு இரண்டு. அவை பெருகி இப்போது கொல்லையில் கூடும் வலையுமாக ஒரு கூட்டமே இருந்தது. வேலை முடிந்து வந்ததும் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துகொண்டு அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு குஞ்சையும் சேவலா பெட்டையா என்று தனக்குத்தானே சொல்லிவைத்துக்கொண்டு மாசக்கணக்கில் காத்திருந்து சரிபார்ப்பாள். ஆரம்பத்தில் பத்துக்கு ஐந்து தப்பும். போகப் போகக் கண் தேறிவிட்டது.

வீட்டுக்காரர் பெயிண்டர். விஷயம் கேட்டதும், நம்ம வீட்டுக்கு ஒரு நல்லது வந்தால் அது கோழி வழியாகத்தான் வர வேண்டுமா என்று கேலி செய்தார். கேலி செய்தாரே தவிர, மறுநாளே எங்கேயோ மிஞ்சிய மஞ்சள் பெயிண்டைக் கொண்டுவந்து கோழிக்கூட்டுக்கு அடித்து, ஏணியில் உட்கார்ந்தபடி அழகு பார்த்தார்.

அதற்கப்புறம் அந்த நாற்பதும்தான் கம்பெனியில் பேச்சு. கொட்டகையை அடுத்த கூண்டில்தான் வளர்ந்தன. மூன்றாம் மாசம் முடியும்போது ஒரு நாள் துருப்பிடித்த கதவைத் திறந்தமாதிரி ஒரு சத்தம் வந்தது. பெரியக்கா ட்ரேயைப் போட்டுவிட்டு ஓடினாள். லாரிக்காரர் ஓடினார், தீனி மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையோடு ஓடினார்கள். கூவியதன் வலது காலில் சிவப்பு. இடது காலில் நீலம். பெரியக்கா சோப்புக் கையோடு சின்னக்காவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள்.

பிறகு வாரத்துக்கு ரெண்டு, மூன்று. கூவல் கேட்கும்போதெல்லாம் வேலை அப்படியே நிற்கும். யாராவது ஓடிப்போய்க் காலைப் பார்த்து, "வலது" என்று கத்துவார்கள், கொட்டகையே ஆர்ப்பரிக்கும். இருபத்தாறாம் நம்பர் கூவிய அன்றைக்கு மட்டும் வலது காலில் நீலம் இருந்தது. அன்று சின்னக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கோழியைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்கே கோட்டை விட்டோம் என்று தலையைத் தலையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் முட்டைகள் வர ஆரம்பித்தன. நீலம், நீலம், எல்லாம் நீலம்.

மாஸ்டர் நல்ல மனுஷன்தான். தோற்கிறோம் என்று தெரிந்ததும் வீம்பு பிடிக்கவில்லை. டீ நேரத்தில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நெற்றியில் என்ன பார்ப்பது, முடியில் என்ன பார்ப்பது என்று கேட்டார். தன்னிடம் மாஸ்டர் பாடம் கேட்கிறார் என்கிற பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தாள். அவர் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார், படம்கூட வரைந்துகொண்டார்.

கடைசிக் கோழியும் முட்டையிட்ட அன்று கணக்கெடுத்தார்கள். சின்னக்கா முப்பத்தொன்பது. மாஸ்டர் இருபத்திரண்டு. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். கேக் வாங்கிவரச் சொல்லி, பிரிப்பு அறைக்குள்ளேயே வெட்டினார்கள். சின்னக்கா முதல் தடவையாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். கொட்டகையிலிருந்து பெரியக்கா சன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தாள். சின்னக்காவின் நாற்காலி எங்கே வரும் என்று மேனேஜர் கையால் இடம் காட்டினார். கம்பெனியின் கோழி டாக்டரும் வந்திருந்தார். அவர் சின்னக்காவின் கையைக் குலுக்கிவிட்டு, படித்தவர்களுக்கே வராத வித்தை, இது எங்கே பழகினது என்று ஆசையாகக் கேட்டார்.

அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் எதையும் ஒளிக்கத் தோன்றவில்லை. ஒளிக்க வேண்டியது என்றே தெரியவில்லை.

"வீட்டுலதான் சார். இருபத்தி மூணு சில்கி வச்சிருக்கேன். ஒரு நாள் எல்லாரும் வாங்க, பாருங்க."

டாக்டர் கையிலிருந்த கேக்கை மேசை மேல் வைத்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். வேலைக்குச் சேரும்போது எல்லோரிடமும் ஒரு காகிதம் கொடுப்பார்கள். அதில் பதினேழாவது வரி, வேலையாட்கள் வீட்டில் எந்தப் பறவையும் வளர்க்கக் கூடாது என்பது. வீட்டுக் கோழியின் நோய் ஆள் மேல் ஒட்டிக்கொண்டு கம்பெனிக்குள் வந்துவிடுமாம். டாக்டர் இதையெல்லாம் மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார். கோழிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டார். குப்பைத் தொட்டியில் கிடந்த முட்டை என்று அதையும் சொன்னாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும், மீதியை ஆபீஸில் பேசிக்கொள்ளலாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். நாற்காலியைப் பற்றி அவள் கேட்டாள். சில்கியை இனி மாஸ்டர் பார்த்துக்கொள்வார் என்றார் மேனேஜர். அவருக்குத்தான் இப்போது எல்லாம் தெரியுமே.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கொல்லைக் கதவைத் தட்டினார்கள். மாஸ்டரும் வண்டிக்காரரும், வாயில் முகமூடி, கையில் உறை. இரண்டு கூடைகளும் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் சாக்கும் கொண்டுவந்திருந்தார்கள். வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் மஞ்சள் கூட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நோய் என்கிறீர்களே, இதில் ஒன்று தும்மினதைக் காட்டுங்கள் என்று சண்டைக்கு நின்றார். மாஸ்டர் சங்கடத்தோடு டாக்டர் கொடுத்த தாளை நீட்டினார். கம்பெனி முட்டையில் வந்த கோழி கம்பெனிக்குத்தான் சொந்தம். பெட்டைகளைத் தனிக் கூண்டில் வைத்துப் பரிசோதித்து முட்டைக்கு எடுத்துக்கொள்வார்கள். சேவல் தேவையில்லை, சாக்கு. எது என்று தெரியாததும் சாக்கு.

"நோய் இருந்தா பொட்டைக்கு மட்டும் இருக்காதா மாஸ்டர்?" என்று கேட்டாள் சின்னக்கா.

மாஸ்டர் கூடையைத் திறந்து வைத்தார். வண்டிக்காரர் கூண்டைத் திறந்தார். அவள் வீட்டுக்காரரின் தோளைத் தொட்டு ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே உள்ளே போனாள். வேற்று ஆள் கை பட்டால் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழும். பெரிய பெட்டைகள் பதின்மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூடையில் வைத்தாள். மூன்று சேவல்களை வண்டிக்காரர் கால்களைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அழுகை வந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மீதி ஏழு, ஆறு வாரக் குஞ்சுகள். மாஸ்டர் ஒன்றை எடுத்து நெற்றியைத் தடவிப் பார்த்தார், முடியை ஊதிப் பார்த்தார், நோட்டைப் புரட்டிப் பார்த்தார். எட்டு வாரத்துக்குத்தான் படம் வரைந்து வைத்திருந்தார். குஞ்சை அவளிடம் நீட்டினார்.

"சின்னக்கா, இது என்ன?"

அவள் பார்த்தாள். "பொட்டை."

கூடைக்குள் வைத்தார். அடுத்ததை நீட்டினார். அதுவும் பெட்டை, நிஜமாகவே பெட்டைதான். மூன்றாவதும் அப்படியே. நாலாவதற்கு நெற்றி இப்போதே அகலம் காட்டியது. நாலு நாளைக்கு முன்பே அதைச் சேவல் என்று மனசுக்குள் சொல்லிவைத்திருந்தாள். மூன்று மாசத்தில் கூவிவிடும். லாரிக்காரர், மூட்டைக்காரர்கள், பெரியக்கா எல்லோரும் ஓடிவந்து பார்ப்பார்கள். சின்னக்கா சொன்னதா, சின்னக்காவுக்கா தப்பிவிட்டது என்பார்கள். அந்த முப்பத்தொன்பதையும் அப்புறம் யாரும் பேச மாட்டார்கள்.

"பொட்டை" என்றாள்.

ஐந்தாவதும் பெட்டை என்றாள். ஆறாவதும். ஏழாவது அவள் உள்ளங்கையில் நெஞ்சை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஏழுமா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ஏழும்தான். எழுதிக்குங்க."

அவர் குஞ்சைத் திரும்ப ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கூடையை மூடி, அதன் மேலேயே தாளை வைத்து எழுதினார்: பெட்டை இருபது, சேவல் மூன்று. கீழே 'பிரித்தவர்' என்று போட்டிருந்த இடத்தில் கையுறையைக் கழற்றி, பேனாவை ஒரு முறை உதறி, தன் கையெழுத்தைப் போட்டார்.