இறந்ததாகச் சொல்லப்பட்ட மனுதாரர்

அன்று அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். புளியமரத்து வேரில் ஊர்க்கவுண்டர் வேடியப்பன். அவருக்கு எதிரே சாமை காயப்போட்டிருந்த சாக்கின் ஓரத்தில் மனுதாரர் சின்னராசு. மணிக்கட்டுக்கு மேல் முடிந்துபோன இடது கையைத் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தான். அவன் பெண்சாதி அம்சவல்லி உரல் பக்கத்தில் குந்தியிருந்தாள். அவன் அண்ணன் சின்னதம்பி எல்லாரையும் விட்டுத் தள்ளி, கவிழ்த்துப் போட்ட கூடையின்மேல். எனக்கு மட்டும் கயிற்றுக் கட்டில். மரத்தில் ஒரு கொடுவாள் கொத்தி நின்றது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நான் ராஜாக்கண்ணு. சந்தவாசல் தபாலாபீசுக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதுகிறவன். சின்னராசுவின் ஊனப் பென்ஷன் மனுவை ஆரம்பத்திலிருந்து எழுதி வருகிறேன். மலைமேல் நெல்லிவாசல்நாட்டிலிருந்து அவன் இறங்கி வருவதுதான் வழக்கம். இந்த முறை கையில் சீழ் அதிகமாகி ஜுரமாகக் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு, வந்த பதிலை எடுத்துக்கொண்டு நானே ஏறிப் போனேன்.

கை போனது, அவன் பட்டாளத்தில் இருந்தபோது, எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில். முன்னால் நடந்தவன் கண்ணிவெடியை மிதித்தான். அவன் நின்ற இடத்தில் பூட்ஸும் இடுப்பும் மட்டும் கிடந்தன. சின்னராசுவின் கை ஒரு தோல் இழையில் தொங்கியது. அதைத் தானே முறுக்கிப் பிய்த்து எறிந்துவிட்டு, செத்தவன் பூட்ஸ் கயிற்றை உருவிக் கட்டிக்கொண்டு நடந்ததாக ஒருமுறை என்னிடம் சொன்னான். உள்ளே தங்கிய இரும்புத் தூள் இத்தனை வருஷம் கழித்தும் அரிக்கிறது. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மறுபடி அறுத்துச் சுத்தம் செய்யாவிட்டால் தோள்வரை எடுக்க வேண்டிவரும், அதற்கும் நேரம் தவறினால் ஆளே போய்விடுவான் என்று அடிவாரத்து டாக்டர் சொல்லிவிட்டார். ஊனச் சான்று இல்லாமல் அந்த ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள்.

சான்றுக்கு ஆதாரமான மெடிக்கல் போர்டு காகிதம் ஓர் ஆபீசிலிருந்து இன்னோர் ஆபீசுக்குப் போகிற வழியில் தொலைந்துபோனது. நகல் கேட்டேன். அசலை அனுப்பு என்றார்கள். அசல் உங்களிடம்தான் இருந்தது என்று எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். அந்த நினைவூட்டலும் கிடைக்கவில்லை என்றார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து புது நகல் எடுத்தாயிற்று, ஆள் ஊரில் இருக்கிறானா என்று நேரில் விசாரித்ததும் சான்று கொடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த பதில்தான் அன்று என் கையில் இருந்தது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்.

மனுதாரர் இறந்துவிட்டார் என்று அவருடைய சகோதரர் வாய்மொழியாகத் தெரிவித்தார். புதைத்த இடம் பார்வையிடப்பட்டது. கோப்பு முடிக்கப்பட்டது. மனைவி இருப்பின் தனியே விண்ணப்பிக்கலாம்.

அம்சவல்லிதான் முதலில் வாய் திறந்தாள். "தாலிய கழட்டிட்டு விண்ணப்பிக்கணுமா, விண்ணப்பிச்சிட்டு கழட்டணுமா? அத்தயும் ஒரு வார்த்த கேட்டு எழுதுங்க ரைட்டரே."

வேடியப்பன் சிரிக்கத் தொடங்கி, சின்னராசுவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சின்னராசு திரும்பி அண்ணனைப் பார்த்தான். கூடையில் இருந்தவன் எதையும் ஒளிக்கவில்லை.

"பேண்ட் போட்டவன் ரெண்டு பேரு வந்தானுங்க. சின்னராசு எங்கன்னானுங்க. செத்துட்டான்னேன். எங்க பொதச்சன்னானுங்க. நம்ம அப்பன் குழிய காட்டனேன். எழுதிக்கினு போய்ட்டானுங்க."

நல்ல காரியம் செய்தவன் சொல்வதுபோலத்தான் சொன்னான். மலையில் அது வழக்கம். பேண்ட் போட்டவன் பேர் சொல்லித் தேடினால் அந்தப் பேருக்குரியவன் செத்திருப்பான். வீட்டுக்குள் களி தின்றுகொண்டிருந்தாலும் செத்திருப்பான். சந்தனமரக் கேசுக்கு ஆள் பிடிக்க வருகிறவர்களைத் தவிர வேறு யாரும் இவர்களைப் பேர் சொல்லித் தேடியதில்லை. முன்னொரு தடவை அப்படித் தேடி வந்தவர்களிடம் சின்னதம்பி, நான்தான் அது என்று நேராகச் சொன்னான். ஜீப்புக்குப் பின்னால் கட்டி ஓடை வரைக்கும் இழுத்தார்கள். துப்பாக்கிக் கட்டையால் வாயில் குத்தினார்கள். அவன் வெட்டாத மரத்துக்கு அவனுடைய முன்பற்கள் போயின. அன்றிலிருந்து அவன் பேச்சில் காற்றுப் போகும்.

சின்னராசு எழுந்ததைப் பார்த்தேன். கொடுவாளை உருவியதைப் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம்.

"என்ன கொன்னுட்டியேண்ணா," என்றான். கத்தவில்லை.

முதல் வெட்டு கூடையைப் பிளந்தது. சின்னதம்பி உருண்டுபோய் வேரில் மோதி, எழுந்திருக்க இடது கையை ஊன்றினான். இரண்டாவது வெட்டு அந்தக் கைமேல் விழுந்து வேருக்குள் இறங்கியது. பெருவிரல் தனியே துள்ளிச் சாமைமேல் போய் விழுந்தது. வாளைப் பிடுங்கி மூன்றாவது முறை ஓங்கினான். குறி கழுத்து. குறுக்கே பாய்ந்த வேடியப்பனைத் தோளால் இடித்துத் தள்ளினான். அதற்குள் அம்சவல்லி உலக்கையை எடுத்துப் புருஷனுடைய மொண்டிக் கையில், சீழ் கட்டியிருந்த இடம் பார்த்து, ஒரே போடாகப் போட்டாள். அவன் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கைகள் கலைந்தன. வாள் கீழே விழுந்தது. துண்டு வழியாகச் சீழும் ரத்தமும் முழங்கைவரை வழிய, அங்கேயே மண்டியிட்டு வாந்தி எடுத்தான்.

ஒரு கோழி வந்து விரலைக் கொத்திப் பார்த்தது. அம்சவல்லி அதை விரட்டி, விரலை இலையில் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். மாமனார் குழி ஓரத்தில் புதைத்ததாகப் பிறகு சொன்னாள். திரும்பி வந்து துணியை எரித்து, அந்தச் சாம்பலை முதலில் மூத்தார் சின்னதம்பியின் காயத்தில் அப்பிக் கட்டினாள். பிறகுதான் புருஷனிடம் போனாள்.

வெட்டுக்கு என்ன தண்டனை என்பதை ஊர் கூடிப் பேசிக்கொள்ளலாம், கோப்பைத் திறக்க வழி என்ன என்று வேடியப்பன் கேட்டார். செத்தான் என்று சொன்னவனே, நான் சொன்னது பொய் என்று எழுதிக் கைநாட்டு வைக்க வேண்டும். வேடியப்பன் சாட்சியாக வைக்க வேண்டும் என்றேன். அதிகாரியிடம் பொய் சொன்னதற்கு ஆளைத் தேடி மறுபடி வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

வேடியப்பன் சின்னதம்பியிடம், "மறுபடியும் இழுத்துக்கினு போவானுங்கடா," என்றார்.

அவன் வேரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். எழுதச் சொல்லித் தலையசைத்தான்.

எழுதி முடித்ததும் ஒரு சிக்கல் வந்தது. ஆபீசுக்கு இடது பெருவிரல் ரேகைதான் வேண்டும். வலது வைக்கலாம், ஆனால் இடது ஏன் இல்லை என்று பக்கத்தில் காரணம் எழுதியாக வேண்டும். என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"தழ வெட்டறப்ப கொடுவா தவறிச்சின்னு எழுதுங்க," என்றான் சின்னதம்பி.

சின்னராசு அதுவரை முகத்தை முழங்காலில் புதைத்திருந்தான். "நான் வெட்டனேன்னு எழுதுங்க ரைட்டரே. பொய்யி போதும்."

"செத்தவன் எப்புட்றா வெட்டுவான்?" என்றான் அண்ணன், கண்ணைத் திறக்காமலே.

சின்னராசு நகர்ந்து போய், அண்ணனுடைய வலது கையைப் பிடித்துப் பெருவிரலை மைத்தட்டில் உருட்டி, நான் காட்டிய இடத்தில் அழுத்தினான். காரணத்தைச் சின்னதம்பி சொன்னபடியே எழுதினேன். வேடியப்பன் கைநாட்டு வைத்தார். மனுதாரர், பட்டாளத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்தைப் போட்டார்.

உறையை ஒட்ட அம்சவல்லி சாமைக் கஞ்சி கொண்டுவந்தாள். நானே ஒட்டுகிறேன் என்று சின்னராசு வாங்கிக்கொண்டான். ஒற்றைக் கையில் உறை வழுக்கிக்கொண்டே போனது. சின்னதம்பி கட்டுப்போட்ட கையை நீட்டி அதன் ஒரு மூலையை அழுத்திப் பிடித்தான். அந்த மூலையில் கறை பட்டுவிட்டது. மாற்றுவதற்கு என்னிடம் வேறு உறை இல்லை.

மறுநாள் காலை சந்தவாசலில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். தபால்காரம்மா கறையைப் பார்த்து, என்ன இது என்றாள். மனுதாரர் மலைக்காரர் என்றேன். அவள் கறையின் மேலேயே முத்திரையைக் குத்தி, கடிதத்தைப் பைக்குள் போட்டு வாயைக் கட்டினாள்.