ஹிருத் குடுவையைத் தொடவில்லை

எங்கள் புத்தாண்டு அன்று என் உணவகத்தில் நிற்க இடமில்லை. அமெரிக்காவின் இந்தக் கொலம்பஸ் நகரில் இருக்கும் எத்தியோப்பியர்களில் பாதிப் பேர் தேவாலயத்திலிருந்து நேராக எங்களிடம் வந்துவிட்டது போலிருந்தது. அன்று பார்த்துப் பரிமாறுகிற பெண் காய்ச்சல் என்று வரவில்லை.

நடு மேசையில் சபைப் பெரியவர்கள். அவர்களுக்கு நடுவில் லெம்மா. என் மகனுக்கு அவர் மகளைக் கேட்டுப் பேச்சு முறிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் குறை தேடுவதே அவருக்குத் தொழில். சாப்பாட்டுக்கு முன் விருந்தினர் கையில் தண்ணீர் ஊற்றுவது எங்களில் இளையவர்கள் செய்வது. அந்த மேசை ஓரத்தில்தான் என் தம்பி மகள் ஹிருத், பண்டிகைக்கான வெள்ளை உடையில் உட்கார்ந்திருந்தாள். இங்கே பல்கலைக்கழகத்தில் பாலம் கட்டும் படிப்பு படிக்கிறாள். எங்கள் வம்சத்தில் பொறியியலுக்குப் போன முதல் பெண்.

என் மனைவி யெஷி குடுவையையும் தாம்பாளத்தையும் அவளிடம் நீட்டினாள்.

"அம்மாடி, இத எடுத்துட்டுப் போ. அப்படியே தட்டுங்களையும் கொண்டு வச்சிரு."

"முடியாது பெரியம்மா."

மேசை முழுக்கக் கேட்டது.

"பாத்தியா தெஸ்தா?" என்றார் லெம்மா. "அமெரிக்கக் காத்து பட்டதும் உங்க வீட்டுப் பொண்ணுக்கு இடுப்பு வளைய மாட்டேங்குது."

எனக்கு முகம் சுட்டது. "ஹிருத், எந்திரி" என்றேன்.

எழுந்தாள். குடுவையைத் தொடவில்லை.

"கோச்சுக்காதீங்க பெரியப்பா. இது கடை. இங்க தண்ணி ஊத்துனாலும் தட்டு தூக்குனாலும் அது வேலை. நான் மாணவர் விசாவுல இருக்கேன். பல்கலைக்கழகத்துக்கு வெளிய வேலை செய்யக் கூடாது."

"உனக்கு என்ன சம்பளமா குடுக்கப் போறோம்?" என்றாள் யெஷி. "சொந்தக்காரங்களுக்கு ஒரு கை உதவுறதுக்குக் கூடவா சட்டம்?"

"சம்பளத்துக்கு ஆள் வச்சுச் செய்யுற வேலைய நான் சும்மா செஞ்சாலும் வேலைதான் பெரியம்மா. பல்கலைக்கழகத்துல வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துல கேட்டுட்டேன். விசா போச்சுன்னா படிப்பு பாதியோட நின்னுரும். இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு."

லெம்மா சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். "இங்க எந்த அதிகாரி உக்காந்து இன்ஜெரா திங்கிறான்? யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்குறேன்ல ஐயா" என்றாள் ஹிருத். "நாளைக்கு யாராவது கேட்டா நான் பொய் சொல்லணும். அது எங்க வீட்டுல பழக்கமில்ல. நீங்க எல்லாரும் பெரியப்பா வீட்டுக்கு வாங்க. கையென்ன, காலையே கழுவி விடுறேன்."

பணிவாகத்தான் சொன்னாள். ஆனால் கழுத்து நிமிர்ந்திருந்தது. எங்கள் ஊர் கோண்டாரில் நீதிபதியாக இருந்த என் தகப்பனார், சொந்த மைத்துனன் வழக்கு வந்தபோது தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்று ஆசனத்தை விட்டு எழுந்து போனவர். அன்று ஊரே ஏசியது. அவரும் இப்படித்தான் நின்றிருப்பார்.

யெஷி கையிலிருந்த குடுவையை வாங்கினேன். துண்டைத் தோளில் போட்டேன். முதலில் ஹிருத்திடம் போனேன்.

"கைய நீட்டு."

"ஐயோ பெரியப்பா, நீங்க போயி..."

"இந்தக் கடையில நீ விருந்தாளி. நீட்டு."

நீட்டினாள். சிந்தாமல் ஊற்றினேன். லெம்மா பதறி எழுந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள்.

"வீட்டுக்குப் பெரியவர் ஊத்த, நாங்க உக்காந்துகிட்டுக் கழுவுறதா? என்ன தெஸ்தா இது!"

"உக்காருங்க லெம்மா. இங்க வேலை செய்ய அனுமதி இருக்கறவன் நான். அவ இல்ல."

யாரோ சிரித்தார்கள். லெம்மா உட்கார்ந்து கையை நீட்டினார். அதற்குப் பின் அந்த மேசையில் யாரும் எங்கள் வீட்டுப் பெண்ணின் இடுப்பைப் பற்றிப் பேசவில்லை.

கடை மூடும் வரை தட்டுகளை நானே சுமந்தேன். ஹிருத் பெரியவர்கள் நடுவே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். யாரது என்று கேட்டவர்களிடம் எல்லாம், என் தம்பி மகள், பாலம் கட்டப் படிக்கிறாள் என்று சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.