கம்பி சொன்ன பதில்

கையளவு கல்லால் ஒரே ஒரு தட்டுத் தட்டி, மலையடியில் ஓடிக்கொண்டிருந்த அறுபது குதிரைச்சக்தி இஞ்சினை அழகன் நிறுத்திவிட்டான். நம்பாதவர்கள் இறம்பொடை அருவியைக் கேட்கட்டும். அதுகூட அன்று பாதி வழியில் நின்று எட்டிப் பார்த்தது.

தேயிலைத் தோட்டத்துக் கொழுந்துக் கம்பியில் அவன் வேலை பழக வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலையுச்சி மேடைக்கு ஏறும்போதே விடியற்காலைப் பனி அவன் காதைக் கடித்துத் தின்றுவிடும்; மிச்சமிருந்த காதைக் கம்பியில் வைத்துக் கேட்பான். மலையுச்சியிலிருந்து பள்ளத்தைத் தாண்டித் தேயிலைப் பெக்டரி வரைக்கும் ஒரே இரும்புக் கம்பி. கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டி இறக்கும்போது, உருளையில் சுற்றிய கயிற்றை ஒரு மரக்கட்டை பிரேக்காக அழுத்திப் பிடிக்கும். கூப்பிட்டால் கேட்காத தூரம் என்பதால் கல்லால் கம்பியைத் தட்டுவார்கள். இரண்டு தட்டு என்றால் அனுப்பு. ஒரு தட்டு என்றால் ஆபத்து, நிறுத்து. ஒற்றைத் தட்டுக் கேட்டபின் எவன் கத்தினாலும் சாக்கைத் தொடுவதில்லை என்பது கம்பிக்காரர்களின் சத்தியம்.

போன மாதம் தேய்ந்த கட்டை வழுக்கி, கந்தப்பனின் வலது கை உருளைக்குள் போயிற்று. கைதான் போனது, கட்டையை யாரும் மாற்றவில்லை. அந்த இடத்துக்குத்தான் அழகனை எடுத்திருந்தார்கள்.

அன்று தோட்டத்துச் சின்னத்துரை மேடைக்கு ஏறிவந்தார். அவருடைய சப்பாத்தின் பளபளப்பில் மலையே முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம்.

"இனிமே ஒரு கொக்கிக்கு ரெண்டு சாக்கு இல்ல. நாலு!"

"கட்டை தாங்காதுங்க தொரை. கீழ பொம்பளைங்க நடக்கிற பாதைங்க. அறுந்துச்சுன்னா அவங்க தலையிலதான் விழும்."

"நீ வேலை பழகுற ஆள். பழகுற ஆளுக்கு வாய் கிடையாது. அனுப்பு. இல்லாட்டி இன்னைக்கே லயத்தைக் காலி பண்ணு."

அழகன் லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். தோட்டம் கொடுத்த அந்த ஒற்றை அறைக் காம்பராவில் அவன் பெண்டாட்டி நாகலெட்சுமி நிறைமாதமாகப் படுத்திருந்தாள்.

கொழுந்துக் கூடைகளோடு நின்ற பெண்களிலிருந்து பேச்சியம்மா குரல் கொடுத்தாள். "கந்தப்பன் கைக்கு என்னங்க பதில்?"

"அவனுக்குக் கவனம் இல்ல."

"கட்டைக்கு இருந்துச்சுங்களா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். துரை முகம் சிவந்து சிகரெட் பற்றவைக்கத் திரும்பினார். பேச்சியம்மா அழகனை நெருங்கினாள்.

"நாம நிறுத்திரலாம்டா தம்பி. பெக்டரிக்காரனுங்க? சட்டை போட்டவனுங்க. நம்மளைக் கண்டாலே மூக்கைப் பொத்துறவனுங்க. நமக்காக அவனுங்க இஞ்சினை நிறுத்துனா நான் மொட்டை அடிச்சுக்கிறேன்!"

அழகன் கல்லை எடுத்தான். ஒரு தட்டு.

பேச்சியம்மா கூடையை இறக்கினாள். ஒரு தட்டு. பிறகு ராசம்மா. பிறகு ஒவ்வொருத்தியாக, ஒற்றை ஒற்றையாக. சத்தம் கேட்டு ஏறிவந்த கந்தப்பன் இடது கையால் தட்டினான். கம்பி அதிர்ந்து, பள்ளம் முழுக்கப் பனித்துளி உதிர்ந்தது.

"என்ன இது?" துரை திரும்பிக் கத்தினார்.

"ஆபத்துன்னு சொல்றோங்க" என்றான் அழகன்.

"போலீஸ் வரும்!"

"வரட்டுங்க. அவங்களும் இந்தக் கம்பிக்குக் கீழதான் ஏறி வரணும்."

கீழே பெக்டரி இஞ்சின் டுக்கு டுக்கு என்று ஓடிக்கொண்டே இருந்தது. "பாத்தியா?" என்றாள் பேச்சியம்மா. அவள் வாயை மூடுவதற்குள் அது ஒருமுறை இருமி நின்றது. அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த லயத்துச் சேவல்கள் திகைத்துப்போய்க் கூவின.

துரை பங்களா டெலிபோனை நோக்கி வேகமாக இறங்கினார். கட்டை இன்னும் தேய்ந்தபடியே கிடந்தது. சாயந்தரம் காம்பரா இருக்குமோ இருக்காதோ, அழகனுக்குத் தெரியாது. கொழுந்துச் சாக்குகளின்மேல் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நடுவில் அவனுக்கு இடம் விட்டார்கள்.

அவன் குனிவதற்குள் பேச்சியம்மா அவனைத் தள்ளிவிட்டுத் தன் காதைக் கம்பியில் வைத்தாள். கீழிருந்து ஒரு தட்டு வந்தது. இன்னொரு கையின் தட்டு. அப்புறம் கனமாக ஒன்று. இஞ்சின்காரர் இராமையாவின் ஸ்பேனராகத்தான் இருக்கவேண்டும்.

"இப்ப என்னக்கா சொல்றீங்க?"

பேச்சியம்மா காதை எடுக்காமலே கொண்டையை அவிழ்த்தாள்.

"நடந்துருச்சுடா தம்பி. சவரக்கத்தி யாருகிட்ட இருக்கு?"