ஏரி வீட்டை மூடியவர்கள்

மார்னி துவைக்கும் இயந்திரத்துக்குள் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். தொட்டியின் அடியில், தண்ணீர் உறையாமலிருக்க ஊற்றும் இளஞ்சிவப்புத் திரவம் கொஞ்சம் தேங்கிக் கிடந்தது. வேலை ஒழுங்காக முடிந்திருந்தது. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

அப்பா ஈனோ செத்து இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. அடக்கம் செய்கிறவர்கள், உடலுக்கு மாட்டிவிட, அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கேட்டார்கள். அதை எடுக்கத்தான் டுலூத் நகரத்திலிருந்து அவருடைய ஏரி வீட்டுக்கு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தாள். கண்ணாடி சமையலறை மேடையிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு பேசாமல் கிளம்பியிருக்கலாம். கிளம்பினால் அவள் ஈனோவின் மகளா என்ன?

நேற்று பகல் பன்னிரண்டு மணிக்கு அப்பா போனில் பேசினார். பம்பை இப்போதுதான் நிறுத்தினேன், ராத்திரி கடுங்குளிராம், இருட்டுவதற்குள் வீட்டை மூடிவிட்டு வருகிறேன் என்றார். ஆம்புலன்ஸுக்கு அழைப்பு போனது இரண்டு நாற்பதுக்கு. ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. குளிர்காலத்துக்கு வீட்டை மூடுவதென்றால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது, உறைந்தால் குழாய் வெடிக்கும். வெந்நீர்த் தொட்டியை வடிப்பது, குழாய்களில் காற்றடிப்பது, பாத்திரம் கழுவும் இயந்திரம், கழிப்பறை, துவைக்கும் இயந்திரம் என்று ஒற்றை ஆளுக்கு அது அரை நாள் வேலை. எழுபத்தாறு வயதுக்காரர், அதுவும் சாகப்போகிறவர், இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டாரா?

கழற்றிய ரப்பர்க் குழாய்களை வேறு பார்த்தாள். அப்பா கழற்றினால் கழற்றின இடத்திலேயே தொங்கவிடுவார். இங்கே அவை அழகாகச் சுருட்டி, துணிக்கீற்றால் கட்டப்பட்டிருந்தன. யாரோ நிதானமாகக் கட்டியிருந்தார்கள். அவர் தரையில் கிடந்தபோதா கட்டினார்கள்?

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவள் பக்கத்து வீட்டு லொரெய்ன். அம்மா போன இந்த நாலு வருஷத்தில், எப்போது போன் செய்தாலும் அப்பா வாயிலிருந்து அந்தப் பெயர் ஒரு தடவையாவது வந்துவிடும். மார்னிக்கு அது பிடிக்கவே இல்லை. வெளியே சொன்னதில்லை.

வாசலில் காலணியிலிருந்த பனியை உதறும் சத்தம் கேட்டது. லொரெய்ன்தான். துண்டு சுற்றிய கண்ணாடிப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு வந்தாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்தது. அந்தப் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வேறெதையும் கொண்டுபோக மாட்டார்கள். உன் வண்டியைப் பார்த்தேன், சாப்பிட்டிருக்க மாட்டாய் என்று வந்தேன் என்றாள்.

மார்னி பாத்திரத்தை வாங்கவில்லை.

"இந்தக் குழாயெல்லாம் சுருட்டினது யாரு?"

லொரெய்ன் பாத்திரத்தை மேடையில் வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"நான்தான்."

"எப்போ?"

லொரெய்ன் சுருட்டி வைத்த குழாய்களைப் பார்த்தாள். குளிர்ந்த வீட்டில் இரண்டு பேருடைய மூச்சும் புகையாக வந்து போனது.  சந்தேகப்பட்டது சரியாகிவிடுமோ என்று மார்னிக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"அப்பா விழுந்தது எத்தனை மணிக்கு? மறைக்காம சொல்லுங்க."

"ஒரு மணி இருக்கும். விழல. நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு, அதோ அந்த அலமாரியில சாஞ்சு உக்காந்துட்டாரு. நான் காப்பி கொண்டு வந்திருந்தேன்."

"ஒரு மணிக்கு உக்காந்தாரு. நீங்க கூப்பிட்டது ரெண்டு நாற்பதுக்கு."

"போனைக் கையில எடுத்தேன்மா. வேணாம்னாரு. அவங்க வந்தா என்னைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, வீட்டை யாரு மூடுவாங்கன்னாரு. சும்மா வாயுதான், நீ அந்தத் தொட்டியத் திற, நான் சொல்றேன்னாரு. திறந்தேன். ஒண்ணு முடிச்சா அடுத்தது சொன்னாரு. தப்பாப் பண்ணினா திட்டினாரு. நல்லாத் திட்டினாரு, அதனால நல்லாத்தான் இருக்காருன்னு நெனச்சுட்டேன்."

மார்னி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் பத்தாவது படிக்கும்போது ஒரு வருஷம், அப்பா பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தண்ணீரை விட்டுவிட்டார். வசந்தத்தில் வந்து பார்த்தால் அது வெடித்து, தரைப்பலகை முழுக்க ஊறிப் போயிருந்தது. அந்த ஊரில், பனி உருகி எல்லாரும் வீட்டைத் திறக்கும் மே மாதம், தூண்டில் கடையில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, உன் வீட்டில் என்ன உடைந்தது என்பதுதான். அந்த ஒரு வருஷம் அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் நிமிர்ந்துதான் நின்றார். இந்தப் பெருமைக்காகவா மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்? அவளுக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. செத்தவர் மேல் காட்ட முடியாததை எதிரில் நிற்பவள் மேல் காட்டினாள்.

"அவர் வேணாம்னா விட்டுருவீங்களா? புத்தி எங்க போச்சு? ஒரு மணிக்கே கூப்பிட்டிருந்தா எங்கப்பா இருந்திருப்பாரு."

"ஆமா," என்றாள் லொரெய்ன். "ராத்திரி பூரா அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அவள் மறுத்திருந்தால் மார்னி சண்டை போட்டிருப்பாள். மறுக்காதவளிடம் என்ன செய்வது? அப்பா என்னையும் திட்டியிருந்தால் நானும் தொட்டியைத்தான் திறந்திருப்பேன் என்று தோன்றியது. அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏரியின் விளிம்பு வெள்ளையாக இறுகியிருந்தது.

அங்கேயே பார்த்தபடி மார்னி, "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

லொரெய்ன் பொய் சொல்லப் பார்த்தாள். முகத்தில் தெரிந்தது. பிறகு விட்டுவிட்டாள்.

"இல்லம்மா. வேலையைப் பத்தித்தான். கடைசியா, ஃபிரிட்ஜுக்குப் பின்னாலன்னு ஆரம்பிச்சாரு. பின்னால என்ன ஈனோன்னு திரும்பினேன். பேசல. அப்பத்தான் போன் பண்ணினேன்."

மார்னி ஃபிரிட்ஜைப் பார்த்தாள். எழுந்து போய் அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. லொரெய்ன் வந்து மறுபக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேருமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரைவிட்டு நகர்த்தினார்கள்.

பின்னால், ஃபிரிட்ஜின் ஐஸ் கட்டிப் பெட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் மெல்லிய செம்புக் குழாய் தரையை ஒட்டி வளைந்து கிடந்தது. வடிக்காமல் விட்டுப்போன தண்ணீர் ராத்திரி உறைந்து, அது வளைவில் விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. பிளவில் பனிக்கட்டி துருத்திக்கொண்டு நின்றது.

மார்னி மண்டியிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தப் பிளவின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டாள்.