நாலு வரைக்கும் எண்ணத் தெரிந்தவள்

அந்தப் புதுக் கிற்றாரைக் கண்ட நாளிலேயே தினுஷாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டது. கிற்றாரில் ஒரு குறையும் இல்லை. கரும்பழுப்பு மரம், மினுங்குகிற முறுக்காணிகள், கொழும்பில் இருந்து வந்தபடியே பொலித்தீன்கூடக் கழற்றாத பெட்டி. எரிச்சல் எல்லாம் அதைக் கையில் கொடுத்தவர் சொன்ன கதையில்தான்.

கொடுத்தவர் லெஸ்லி அங்கிள். 'புளூ ஏங்கர்ஸ்' என்கிற கலியாண பாண்டுக்குத் தலைவரும் அவர்தான், பாடகரும் அவர்தான், வான் ஓடுகிறவரும் அவர்தான். திருகோணமலையில் ஒரு வேதக்காரக் கலியாணம் தன்னுடைய பைலா ஆட்டப்பாட்டு இல்லாமல் நடந்தால் அது கலியாணத்தில் சேர்த்தி இல்லை என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்வார். பாலையூற்றில் அவருடைய வீட்டுக் கராஜில்தான் பயிற்சி. அந்தக் கராஜில் பதினொரு வருடமாக பேஸ் கிற்றார் வாசிக்கிறவள் தினுஷா. கிழமை நாட்களில் உட்துறைமுக வீதியில் படகு எஞ்சின் சாமான் விற்கிற கடையில் வேலை. சனி ஞாயிறில் நாலு கம்பிக் கிற்றார். இரண்டிலும் அவள் கை வைத்தால் பிசகாது என்று பெயர்.

"இனி ஐஞ்சு கம்பிதான் பிள்ளை," என்றார் லெஸ்லி. "இப்ப எல்லா பாண்டிலையும் இதுதான் ஃபாஷன். உன்ர பழசை வீட்டிலை வை."

பச்சைப் பொய். தினுஷாவுக்குத் தெரியும், ட்றம்ஸ் அடிக்கிற றொஷானுக்குத் தெரியும், கராஜ் வாசலில் படுத்திருக்கிற நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும். லெஸ்லிக்கு ஐம்பத்தெட்டு வயது. இரண்டு வருடமாக மேலே ஏறுகிற வரிகளில் அவருடைய குரல் பிசிறுகிறது. யாருக்கும் சொல்லாமல் பாட்டுகளின் சுருதியை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். கீபோட்காரர் ஒரு பொத்தானை அமத்தினால் போதும், பாட்டு இறங்கிவிடும். பேஸ் கிற்றாரில் அப்படி ஒரு பொத்தான் இல்லை. ஆகத் தடித்த கம்பி ஆக மேலே இருக்கும். அதைச் சும்மா மீட்டினால் வருகிற சத்தம்தான் அடிமட்டம். அதற்கும் கீழே போவதென்றால் அதைவிடத் தடித்த கம்பி ஒன்று வேண்டும். அந்த ஐந்தாவது கம்பி லெஸ்லியின் தொண்டைக்காக வந்த கம்பி.

அதை வாய் திறந்து சொல்லியிருந்தால் கதை வேறு. அவர் சொன்னது இது: "ஆனா உன்ர கை சின்னன். இதின்ர கழுத்து அகலம். ஏலாட்டி இப்பவே சொல்லு. என்ர தங்கச்சின்ர மகன் ஜக்சன் கட்டாரிலை இருந்து வந்து நிக்கிறான். அவன் அங்கை ஐஞ்சு கம்பிதான் வாசிச்சவன்."

அதாவது இரண்டு கிழமை தவணை. இரண்டு கிழமையில் நிலுஷாவின் கலியாணம். நிலுஷா பள்ளிக்கூடத்தில் தினுஷாவோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள்; தினுஷா வாசிக்கிறாள் என்பதற்காகவே இந்த பாண்டைப் பிடித்தவள். அங்கே பிசகினால் அடுத்த மேடையில் ஜக்சன் நிற்பான், தினுஷா கடையில் எஞ்சின் பெல்ட் எடுத்துக்கொடுத்துக்கொண்டு நிற்பாள்.

"ஏலும்," என்றாள் தினுஷா.

அகலமான கழுத்து மூன்று நாளில் பழகிவிட்டது. சின்னக் கை என்று சொன்னவர் அந்தக் கை எஞ்சின் பெட்டி தூக்குவதைப் பார்த்ததில்லை. தொல்லை வேறு இடத்தில் இருந்தது. பதினொரு வருடமாக அவளுடைய கை மேல்கம்பியை வீடாக வைத்துக்கொண்டுதான் மற்றக் கம்பிகளுக்குப் போய் வந்தது. கண் தேவைப்படவில்லை. இப்போது அந்தக் கம்பி இரண்டாவதாகிவிட்டது. அதன் தலைக்கு மேலே புதிதாக ஒருத்தர் ஏறி உட்கார்ந்திருக்கிறார். பழகின வீட்டில் யாரோ சொல்லாமல் ஒரு படி கூட்டிக் கட்டிவிட்ட மாதிரி கை தடுக்குப்பட்டது. யோசித்து வாசித்தால் எல்லாம் சரி. யோசிக்க மறந்தால் கை தன்பாட்டில் மேல்கம்பிக்கு ஓடிவிடும்.

"நாலைத் தொடாதை, குழம்பிப் போவாய்," என்றார் லெஸ்லி. தினுஷா தொட்டாள். இரண்டு கிற்றாரையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, ஒரு பாட்டு இதில், ஒரு பாட்டு அதில் என்று மாற்றி மாற்றி வாசித்தாள். முதல் கிழமை இரண்டும் கெட்டது. இரண்டாம் கிழமை இரண்டும் வந்தது. தடித்த கம்பி தேய்த்து, விரல் நுனியில் பழைய காய்ப்பே கொப்பளித்து, உடைந்து, திரும்பக் காய்த்தது. பிடிவாதம் என்றால் அவளிடம் கடனுக்குக் கேட்கலாம்.

கலியாணம் சனிக்கிழமை பகல். மண்டபத்தின் பின்பக்க யன்னல்களைத் திறந்தால் துறைமுகம். நங்கூரமிட்ட இரண்டு கப்பல்கள் அசையாமல் கிடந்தன. வாசலில் கட்டியிருந்த கடதாசிப் பூக்களை ஊருக்குள் திரிகிற இரண்டு மான்கள் ஆறுதலாகத் தின்றுகொண்டு நின்றன. விரட்டப் போன ஆளை அவை கணக்கெடுக்கவில்லை.

தினுஷா இரண்டு கிற்றாரோடும் வந்து இறங்கினாள்.

"அதை ஏன் கொண்டுவந்தனீ? வானுக்குள்ளை வை," என்றார் லெஸ்லி.

"வானுக்குள்ளை வெக்கை அங்கிள். கழுத்து வளைஞ்சு போகும்," என்று சொல்லிவிட்டு, பழைய கிற்றாரை மேடையின் பின்சுவரில் சாத்திவைத்தாள். முன்மேசையில் ஜக்சன் இருந்தான். புதுச் சேட்டு, கைகட்டி, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவன் போல. பார்க்கவே அவளுக்குக் கொதித்தது.

பொம்பிளை மாப்பிள்ளை உள்ளே வருகிற நேரம் ஒரு இசை. பாட்டு இல்லை, அதனால் அதை லெஸ்லி இறக்கவில்லை. பேஸ் மட்டும் தனியாகத் தொடங்கவேண்டும், பிறகுதான் மற்றவர்கள். கதவு திறந்தது. வெள்ளை உடுப்பில் நிலுஷா வந்தாள். வந்தவள் சனத்தைப் பார்க்கவில்லை. மேடையில் தினுஷாவைத் தேடிப் பிடித்து, வகுப்பில் களவாகச் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தாள். தினுஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கை தன்பாட்டில் போனது. மேல்கம்பி, கழுத்தில் மூன்றாவது கட்டம்.

நாலு கம்பியில் அது சரியான இடம். ஐந்தில் அது படுபிழை. ஸ்பீக்கரில் இருந்து மண்டபம் முழுக்க ஒரு முனகல் எழுந்தது. அதற்கு மேலே கீபோட்டும் கிற்றாரும் சரியான இடத்தில் வந்து மோத, நிலுஷாவின் கால் ஒரு எட்டு தடுமாறிற்று. தினுஷா அடுத்த மூச்சிலேயே திருத்திவிட்டாள். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

பொம்பிளையும் மாப்பிள்ளையும் போய் இருந்த பிறகு லெஸ்லி மைக்கை எடுத்தார். "மன்னிக்கவேணும் சபையோரே. எங்கட பேஸ்காரப் பிள்ளைக்கு நாலு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். ஐஞ்சு இப்பதான் பாடம் நடக்குது."

மண்டபம் சிரித்தது. ஜக்சன் சிரிக்கவில்லை, மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தான். தினுஷாவுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. பிழை விட்டது அவள்தான், அதை யார் கேட்டாலும் ஒத்துக்கொள்வாள். ஆனால் இந்த மனுசன் இரண்டு வருடமாக விடுகிற பிழையைப் பாண்டிலுள்ள அத்தனை பேரும் மூடிக் காக்கிறார்கள், அவளுடைய ஒரு மூச்சுப் பிழையை அவர் மைக்கில் போட்டு விற்கிறார். அந்த இடத்தில் அவளுக்குள் ஏதோ கழன்றது.

சாப்பாட்டுக்கு முன் நொன்ஸ்டொப். நாற்பது நிமிடம் பைலா, நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் ஆடுகிற சனம் சண்டைக்கு வரும். ஒரு பாட்டு முடிந்து மற்றப் பாட்டு தொடங்கும்வரை ட்றம்ஸும் பேஸும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், பாடகர் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். அந்த நேரத்தில் பேஸ் எந்த இடத்தில் போய் நிற்கிறதோ அந்த இடத்துக்குத்தான் மற்ற எல்லோரும் வந்து சேரவேண்டும். பதினொரு வருடமாகச் செய்கிற வேலை. அது தன் கையில் இருக்கிற அதிகாரம் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

மூன்றாவது பாட்டு முடிந்தது. லெஸ்லி போத்தலை எடுத்தார். தினுஷா ஸ்பீக்கர்ப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்து, வயரைக் கழற்றி, ஐந்து கம்பியை இறக்கிவைத்தாள். றொஷான் தடியைச் சுழற்றிக்கொண்டே கண்ணால் கேட்டான்: என்னடி செய்யிறாய்? அவள் பின்சுவரில் இருந்து நாலு கம்பியை எடுத்துத் தோளில் மாட்டி, வயரைச் செருகி, சத்தத்தைக் கூட்டினாள். றொஷானுக்கு விளங்கிவிட்டது. பயத்திலோ சந்தோஷத்திலோ அவன் தனியாக எட்டுச் சுற்று அடித்து இடம் பிடித்துக் கொடுத்தான்.

அவள் தொடங்கினாள். மேல்கம்பி, விரல் அமத்தாத வெறும் கம்பி. அடுத்த பாட்டு, பத்து வருடத்துக்கு முன்னால் இருந்த அதே உயரத்தில்.

கீபோட்காரர் திடுக்கிட்டுப் பொத்தானை அமத்தினார். லெஸ்லி தண்ணீரை அரைவாசியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "என்ன செய்யிறாய்? கீழை இறக்கு!" என்றார்.

"நாலு கம்பியிலை அதுக்குக் கீழை இடமில்லை அங்கிள்."

"பிள்ளை!"

"எனக்கு நாலு வரைக்கும்தானே எண்ணத் தெரியும்."

அவள் அதைக் குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. முன்மேசையில் ஜக்சன் வாய்விட்டுச் சிரித்தான்.

சனம் ஏற்கெனவே ஆடத் தொடங்கிவிட்டது. வேறு வழியில்லை, லெஸ்லி பாடினார். முதல் வரி போயிற்று, இரண்டாவது போயிற்று. மேலே ஏறுகிற வரி வர வர அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. தினுஷாவுக்கு அது தெரிந்தது. உண்மையைச் சொன்னால் நாலு கம்பியிலும் வேறொரு கம்பியில் போய் அந்த இறக்கத்தை ஒருமாதிரிச் சமாளிக்கலாம். அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கொஞ்சம் மனம் இளகத்தான் செய்தது. பிறகு மண்டபம் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. அவள் இறக்கவில்லை.

குரல் உடைந்தது. நல்ல பலத்த உடைவு. ஆடிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வரியை நடுவில் ஆடிக்கொண்டிருந்த நிலுஷா கத்திப் பாடினாள், சனம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. லெஸ்லி மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

சாப்பாட்டு நேரம். மண்டபத்தின் பின்னால், துறைமுகத்தைப் பார்த்த கைப்பிடிச் சுவரடியில், ஐந்து கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்த அவளை லெஸ்லி மறித்தார்.

"இனி நீ வராதை. மிச்சத்தை ஜக்சன் வாசிப்பான். இப்பவே அவனை மேடையிலை ஏத்துவன்."

"ஏத்துங்கோ," என்று தினுஷா ஐந்து கம்பியை அவரிடம் நீட்டினாள். "இது உங்கட. ஆனா ஏனெண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டு ஏத்துங்கோ."

"என்னத்தைச் சொல்ல?"

"உங்கட குரல் இறங்கிப் போச்செண்டு. ஐஞ்சாவது கம்பி ஃபாஷனுக்கு வரேல்லை எண்டு."

லெஸ்லியின் கை ஓங்கினமாதிரி வந்து, பாதியில் நின்று, கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தது. அங்கே கிடந்த பிளாஸ்ரிக் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

"எல்லாருக்கும் தெரியுமோ?"

"கராஜுக்குள்ளை வாற எல்லாருக்கும் தெரியும்."

"பின்னை ஏன் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்." தினுஷா கோபத்தில் ஒரு அடி முன்னுக்கு வந்தாள். "'எனக்கு மேலை எட்டேலாது, எனக்காகப் பழகு பிள்ளை' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, ஆறு கம்பி எண்டாலும் பழகியிருப்பன். நீங்கள் என்ர கையிலை குறை சொன்னியள். நான் விட்ட பிழையை மைக்கிலை சொன்னியள். சரி, உங்கடையையும் மைக்கிலை சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்."

"என்னை வெருட்டிறியோ?"

"ஓம்."

அவள் நீட்டின கிற்றாரை இன்னும் நீட்டிக்கொண்டுதான் நின்றாள். கை உளைந்தது. அவர் அதை வாங்கவில்லை. கப்பல்களைப் பார்த்தார், ஐந்து கம்பிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், எழும்பி உள்ளே போனார்.

இரண்டாவது சுற்றுக்கு மேடையில் ஏறியபோது தினுஷா பழைய கிற்றாரைப் பின்சுவரில் சாத்தவில்லை. ஒரு கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு, சனம் எல்லோரும் பார்க்க, நாலு கம்பியை அதில் சாத்தினாள். ஐந்து கம்பியை அதன் பக்கத்தில் நிறுத்தினாள். ஒன்றையும் தோளில் மாட்டவில்லை.

லெஸ்லி மைக்கைத் தட்டினார். தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் முந்தி ஒரு பகிடி விட்டனான்," என்றார். "அது கூடாத பகிடி. அந்தப் பிள்ளைக்கு ஐஞ்சு வரைக்கும் வடிவா எண்ணத் தெரியும். எனக்குத்தான் இப்ப மேலை எட்டேலாது. சில பாட்டு இனிக் கீழை இருந்து வரும். அதுக்குத்தான் அந்தத் தடிச்ச கம்பி."

முதலில் நிலுஷா கைதட்டினாள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். தட்டினவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் என்னவென்றே விளங்கியிருக்காது. றொஷானுக்கு விளங்கிற்று, அவன் சிம்பலை ஓங்கி ஒரு அடி அடித்தான்.

பதினொரு வருடமாக லெஸ்லி பாட்டின் பெயரைச் சொல்லி ஒரு விரலை உயர்த்துவார், பாண்ட் தொடங்கும். அன்றைக்கு அவர் விரலை உயர்த்தவில்லை. மைக்கை விலத்திப் பிடித்துக்கொண்டு தினுஷாவின் பக்கம் திரும்பினார்.

"எதாலை தொடங்கிறாய்?"

தினுஷா இரண்டு கிற்றாரையும் பார்த்தாள்.

"பொறுங்கோ," என்றாள். "யோசிக்கிறன்."

மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, லெஸ்லி பொறுத்துக்கொண்டு நின்றார்.