வீரையனுக்கு ஜோடி

வீரையனின் பரிசோதனைத் தாளை அவர் மனைவி தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். நாற்பத்தாறு வயது. சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை. நடவும் அறுப்பும் தவிர வேறெதுவும் செய்யாத மனிதருக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருந்தன. சிறுநீரக நோய் ஆய்வுக்காக வீடுவீடாகப் போகும் களப்பணியாளர் எழில்மொழி எல்லாவற்றையும் படிவத்தில் குறித்துக்கொண்டாள். அடுத்த வேலை, அதே தெருவில் அதே வயதில் அந்த நோய் இல்லாத ஓர் ஆணைத் தேடுவது. இருவரிடமும் ஒரே கேள்விகள். பதில்கள் எங்கே வேறுபடுகின்றன என்று பார்ப்பதுதான் ஆய்வு. நோயில்லாதவரை அலுவலகத்தில் கண்ட்ரோல் என்பார்கள். தெருவில் ஜோடி என்றார்கள்.

நாலு வீடு தள்ளி இளையபெருமாள் கிடைத்தார். அவர் மனைவி ரெங்கம்மாளுக்கு அது பிடிக்கவில்லை.

"இவருக்குத்தான் ஒண்ணுமில்லையே, எதுக்கும்மா எழுதுறீங்க?"

"ஒண்ணுமில்லாததாலதான் அக்கா. நல்லா இருக்கவங்களையும் கேட்டாத்தான் வித்தியாசம் தெரியும்."

போர்வெல் தண்ணீர். வெறுங்கையால் பூச்சிமருந்து தெளித்தது. அறுப்புக் காலத்தில் தினம் ஒரு வலி மாத்திரை. இளையபெருமாள் சொல்லச் சொல்ல, வீரையனின் படிவத்தையே மறுபடி எழுதுவதுபோல் அவளுக்கு இருந்தது. ரத்தம் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது; இளையபெருமாளுக்கும் அதே நோய். ரத்தம் எடுத்த சோதனைக்குழாயின் எண்ணை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு மேற்பார்வையாளர் ஷோபனாவுக்குப் போன் செய்தாள்.

"அப்ப அவரு கண்ட்ரோல் இல்லம்மா. நோயாளியில சேத்துடுங்க. ரெண்டு பேருக்கும் புதுசா ஆள் பாருங்க."

ஒரு டிராக்டர் டிரைவரை எழுதினாள். அவருடைய ரத்தமும் அப்படியே வந்தது. அந்த வாரம் வீரையன் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவள் ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே தெருவில் கதவுகள் சாத்திக்கொண்டன. அவள் எழுதுவதால்தான் வருகிறது என்றார்கள். இல்லை, முன்பே இருந்தது இப்போது தெரிகிறது என்று அவள் சொல்லவில்லை. அது இன்னும் மோசமான செய்தியாகப் பட்டது.

பட்டியலில் அந்த வயதுக்கு மிச்சமிருந்தது அண்ணாதுரை ஒருவர்தான். உச்சிவெயிலில் போய்க் கதவைத் தட்டினாள்.

"அவரு திருப்பூர் போயிட்டாரு," என்றது உள்ளிருந்து பெண்குரல்.

வாசலில் ஆண் செருப்பு, சேறு காயாமல் கிடந்தது. எழில்மொழி வண்டிக்குத் திரும்பினாள். வண்டியைக் கிளப்புவதற்குள் கதவு திறந்தது. அண்ணாதுரை பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து வாசலில் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டினார்.

"எடுத்துக்குங்க. தெரியாம இருக்கறதாலதான் தூக்கம் வரமாட்டேங்குது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க, நான் யாருக்கு ஜோடி?"

அதைச் சொல்லக்கூடாது என்பது விதி. அவள் குனிந்து நரம்பைத் தேடினாள். அண்ணாதுரையின் பார்வை அவளைத் தாண்டி எங்கோ நிலைத்திருந்தது. அவளும் திரும்பிப் பார்த்தாள்.

எதிர்ச்சாரியில், தன் வீட்டு பெஞ்சின் நடுவில் இளையபெருமாள் உட்கார்ந்திருந்தார். அண்ணாதுரையைப் பார்த்தபடியே, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விடுவதுபோல், மெல்ல ஓரமாக நகர்ந்துகொண்டார்.