முந்நூற்று நாற்பத்தேழாவது துண்டு

எங்கள் போர்ட் கார்லண்டில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, மெர்ல் டிரெம்பாத்திடம் எத்தனை துண்டு இருக்கிறது என்று கேளுங்கள். பத்தாயிரம் என்பார்கள். அந்தக் கணக்கைக் கிளப்பிவிட்டவளே நான்தான். எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டுக் கட்டினால் நம் படகுத்துறையிலிருந்து வளைகுடாவைத் தாண்டி அடிலெய்டுக்குப் போய், அங்கே யாராவது ஒரு பெரிய மனுஷரின் கையைத் துடைத்துவிட்டு வரும் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உண்மையில் முந்நூற்று நாற்பத்தாறு. முப்பத்தோரு வருஷம் கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் உட்கார்ந்து லாரி லாரியாக நிறுத்தவள் நான். ஒரு கிலோவைக்கூட ஏற்றியோ இறக்கியோ எழுத முடியாது. அத்தனை வருஷம் வாயைக் கட்டியிருந்தவள், ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலேயே அவிழ்த்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் பிடித்த மீனெல்லாம் முதலை அளவு.

துண்டு என்றால் தோளில் போடுகிற துண்டு இல்லை. பாத்திரம் துடைக்கிற டீ டவல். ஊர்ப் பெயரும் படமும் அச்சடித்து, சுற்றுலாக்காரர்களுக்கு விற்பார்களே, அது. என்னிடம் இருப்பதெல்லாம் பழசு. காட்டுப்பூக்களுக்கு நடுவே 1975-ஆம் வருஷத்துக் காலண்டர். ஆப்பிள் சிவப்பில் டாஸ்மேனியாவின் வரைபடம். கேக் செய்முறை ஒன்றில் சர்க்கரையின் அளவு மட்டும் மடிப்பில் அழிந்துபோய், செய்து பார்த்தவர்கள் யார் யாரைச் சபித்தார்களோ. எல்லாம் பழைய பொருள் கடையில், பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்தவை. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடை திறக்கும். எட்டரைக்கே நான் வாசலில் நிற்பேன், என்னைத் தள்ளிவிட்டு முந்த அங்கே ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும்.

இதில் என்ன இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் லயல் உயிரோடு இருந்தவரை கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி மழுப்புவேன். காரணம் ஒரு சின்ன அட்டையில் இருக்கிறது. கங்காரு தீவின் பெங்குவின்கள் போட்ட துண்டு ஒன்றில் குண்டூசியால் குத்தியிருந்தது: ‘டாட்டுக்கு, தக்காளிச் செடிகளைப் பார்த்துக்கொண்டதற்காக.’ டாட் யாரென்று எனக்குத் தெரியாது. செத்திருப்பாள். ஆனால் எங்கோ ஒரு கடையில், வெயிலில் வியர்த்துக்கொண்டு, யாரோ ஒருத்தி நின்று, ‘டாட்டுக்கு எது பிடிக்கும், பெங்குவினா, கடல்நாயா’ என்று யோசித்திருக்கிறாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஊருக்குப் போகிறவர்கள் பூனையையோ கோழியையோ தக்காளியையோ பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது ஒரு துண்டு வாங்கி வருவார்கள். காசு கொடுத்தால் பகை, வெறுங்கையோடு வந்தால் அதைவிடப் பகை. துண்டு உடையாது, கனக்காது, பெட்டியில் தட்டையாகப் படுத்துக்கொண்டு வரும். ஆக, என் அலமாரியில் இருக்கிற ஒவ்வொரு துண்டும் யாரோ யாரையோ நினைத்ததற்கு அத்தாட்சி. முந்நூற்று நாற்பத்தாறு நினைப்பு. அதில் ஒன்றுகூட என்னைப் பற்றியது இல்லை. லயலுக்குப் பூனை முடி பட்டால் கூரை பறக்கிற மாதிரித் தும்மல் வரும், அதனால் எங்களிடம் யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. நாங்களும் எங்கும் போனதில்லை. அவர் போய் நாலு வருஷமான பிறகும் ஊர் அதே பழக்கத்தில் என் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அதனால்தான் அக்டோபரில் பக்கத்து வீட்டு க்வெண்டா ரோவெட் வேலியருகே வந்து, டனீடினில் இருக்கும் மகளைப் பார்க்க மூன்று வாரம் நியூசிலாந்து போகிறேன், அட்மிரலைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டபோது, நான் டைரியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். என்னிடம் டைரியே கிடையாது. உள்ளே போய் சமையலறையில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வெளியே வந்து, சமாளிக்கலாம் என்றேன்.

அட்மிரல் என்பது அவளுடைய பூனை. ஊரில் அது கன்றுக்குட்டி அளவு என்று பரப்பியிருக்கிறேன். க்வெண்டா கிளம்பிய அன்று குளியலறைத் தராசில் நிறுத்தேன், ஆறு கிலோ இருநூறு. மூன்று வாரமும் காலையில் நிறுத்தேன். அதற்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையைப் பாலாடைக்கட்டிக்குள் புதைத்துக் கொடுத்தால் அது கட்டியைத் தின்றுவிட்டு மாத்திரையை என் செருப்பில் துப்பும். பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரு நியாயத்துக்கு வருவோம். மத்தியானம் அது என் மடியில் தூங்கும்போது அறுவடை லாரிகள் கிடங்குக்குப் போகும் சத்தம் கேட்கும். எந்த லாரி எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்று அதற்குச் சத்தத்தை வைத்தே சொல்வேன். அது மறுத்துப் பேசியதில்லை. என் வீட்டில் அத்தனை பேச்சு நடந்து வெகு நாளாகியிருந்தது.

இரண்டாவது வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில், லயலின் சுத்தியலை எடுத்து, ஒரு பித்தளைக் கொக்கி அடித்தேன். க்வெண்டா கொண்டுவரும் துண்டு அலமாரிக்குப் போகாது. அது இங்கேதான் தொங்கும், நான் அதை உபயோகிப்பேன் என்று முடிவு செய்திருந்தேன். என்ன படமாக இருக்கும் என்று பந்தயம்கூடக் கட்டினேன், அட்மிரலோடு. நான் செம்மறியாடு என்றேன்.

க்வெண்டா திரும்பி வந்த அன்று அட்மிரல் ஆறு கிலோ இருநூறு. ஒரு கிராம் பிசகவில்லை. தராசோடு கொண்டுபோய்க் காட்டினேன். அவள் சிரித்து, என்னைக் கட்டிக்கொண்டு, ஒரு காகிதப் பையை நீட்டினாள். பை கனத்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, எடைமேடைக்காரிக்குப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆட்டு ரோமத்து எண்ணெயில் செய்த கைக்களிம்பு, பெரிய புட்டி.

“கடை பூரா துண்டு தொங்குச்சு, மெர்ல். பார்த்ததும் ஒன் ஞாபகம்தான் வந்துச்சு. ஆனா கொல்லன் தெருவுல போய் ஊசி விக்க முடியுமா? இருக்கிறதுலயே மடிச்சு வெக்க எடமில்லாம கெடக்குற உனக்கு.”

ரொம்ப நல்ல களிம்பு என்றேன். பத்தாயிரம் என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டவள் வேறென்ன சொல்ல முடியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊர் மண்டபத்தில் க்வெண்டா தன் பயணப் படங்களைத் திரையில் காட்டினாள், முடிந்ததும் தேநீர். இப்படிப்பட்ட நாட்களில் ஆளுக்கொரு தட்டில் பலகாரமும், பாத்திரம் துடைக்க அவரவர் துண்டும் கொண்டுபோக வேண்டும். துண்டுகள் கலந்துவிடாமலிருக்க மூலையில் பெயர் தைத்திருக்கும். நான் வேண்டுமென்றே என் சேகரிப்பின் மகாராணியை எடுத்துப் போனேன். 1969-இல் அச்சடித்த அயர்லாந்து லினன் துணி, கலங்கரை விளக்கம், விற்ற கடையின் சீட்டுகூட இன்னும் பிரிக்காதது. அசல் துண்டு என்றால் எப்படி இருக்கும் என்று க்வெண்டா பார்க்கட்டும். கோபம் என்று சொல்லமாட்டேன். கோபத்துக்குப் பக்கத்து வீடு.

மண்டபத்துச் சமையலறையின் ஏகபோக அரசி நோரீன் கிட்டோ. தொட்டியில் கைவிட்டுக் கழுவி நீட்டுவது அவள், மற்றவர்கள் வரிசையாக நின்று துடைப்போம். ஊரின் பேச்செல்லாம் அங்கேதான் நடக்கும், வெளியே ஆண்களிடம் இருப்பது மழைக் கணக்கு மட்டும். நான் மகாராணியை உதறி விரித்தேன். ஒரு கப்பை எடுத்துத் துடைத்தேன். தண்ணீர் போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தேன். ஐம்பது வருஷத்துக் கஞ்சி, தண்ணீரைக் கப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓட்டிச் சென்றது, நாய் ஆட்டை ஓட்டுகிற மாதிரி. நோரீன் கப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“ஏன் மெர்ல், கப்பைத் தொடைக்கிறியா, குளிப்பாட்டுறியா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லாரையும்விடச் சத்தமாக. நோரீன் துண்டின் ஓரத்தைக் கசக்கிப் பார்த்து, இது ஒரு தடவைகூடத் துவைக்காதது, துவைக்காத லினன் தண்ணீர் குடிக்காது என்பது பத்து வயசுப் பெண்ணுக்குக்கூடத் தெரியுமே என்றாள்.

“பத்தாயிரத்தையும் இப்பிடித்தான் வெச்சிருக்கியா? அப்ப வீட்டுல எதை வெச்சும்மா தொடைக்கிற?”

“எங்க தொடைக்கிறது,” என்றேன். “ஒரு தட்டு, ஒரு கப்பு. பாத்திரத் தாங்கில வெச்சா அதுவே காஞ்சுட்டுப் போகுது. தொடைக்கணும்னா ஒருத்தர் கழுவித் தரணுமில்ல.”

வேடிக்கையாகத்தான் சொன்னேன். சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. நோரீன் தொட்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.

க்வெண்டாதான் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையில் வைத்தாள். டனீடினில் அவள் தனக்காக வாங்கிக்கொண்டது. இறக்கை விரித்த ஆல்பட்ராஸ் பறவை, மூலையில் சிவப்பு நூலில் க. ரோவெட். நாலைந்து தடவை துவைத்து மெத்தென்றிருந்தது. கப்பை அதற்குள் வைத்து ஒரு திருப்புத் திருப்பினேன், தண்ணீர் போன இடம் தெரியவில்லை. அன்றைக்கு எண்பத்திரண்டு கப்புகள் துடைத்தேன். எண்ணூறு என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் எண்பத்திரண்டு.

பிறகு அதை என் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தெரியாமல் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். எழுபத்துமூன்று வயதில் முதல் திருட்டு. வந்ததும் அதைக் கொக்கியில் மாட்டினேன். சுவருக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை முழுக்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்தேன். காலையில் கப்பைக் கழுவி அதில் துடைத்தேன். ஆனால் மூலையில் சிவப்பு நூல் இருந்தது. அதை உள்பக்கமாக மடித்து மாட்டினாலும், அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். அலமாரியில் இருக்கிற மற்றவை எல்லாம் முன்பின் தெரியாத யாருக்கோ வந்தவை. இது எனக்குத் தெரிந்த ஒருத்திக்கு வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் க்வெண்டா கதவைத் தட்டினாள். அதற்குள் நான் துண்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து மேஜைமேல் வைத்திருந்தேன். கலந்து வந்துவிட்டது என்றேன். அவளும், மண்டபத்தில் எப்போதும் இப்படித்தான் என்றாள். தேநீர் போட்டேன். கப்புகள் இரண்டு எடுக்க, இரண்டாவதின் தூசியைக் கழுவ வேண்டியிருந்தது. மகள் உண்டாகியிருக்கிறாளாம், மார்ச்சில் பிரசவமாம். திரும்பவும் மூன்று வாரம் போக வேண்டியிருக்கும் என்றாள். அட்மிரலை என்னிடம் விடலாமா என்று கேட்டாள், நிறுத்துப் பார்க்கிற ஆள் ஊரில் வேறு யாரும் இல்லையாம்.

“விட்டுட்டுப் போ,” என்றேன். “வரும்போது எனக்கு ஒரு துண்டு வாங்கிட்டு வா.”

அவள் சிரித்துவிட்டாள். “உனக்கா? ஏன் கண்ணு, பத்தாயிரத்து ஒண்ணாக்கணுமா?”

“முந்நூத்தி நாப்பத்தாறுதான் இருக்கு, க்வெண்டா. நெசமா. அதுல ஒண்ணுகூட எனக்குன்னு வந்ததில்ல. எல்லாம் வேற யாருக்கோ வாங்குனது.”

வாழ்க்கையில் அவ்வளவு சின்ன எண்ணை நான் ஊராரிடம் சொன்னதில்லை. க்வெண்டாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் தொட்டிப் பக்கம் பார்த்தாள். சுவரில் புதுக் கொக்கி, பித்தளை, அடியில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. மேஜைமேல் இருந்த ஆல்பட்ராஸை எடுத்தாள், என்னிடம் நீட்டப் போகிறாள் என்று நினைத்தேன். நீட்டியிருந்தால் வாங்கியிருக்கமாட்டேன். அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மடித்ததையே இன்னொரு முறை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“என்ன படம் போட்டது வேணும்?” என்று கேட்டாள்.

“அதை நான் சொல்லக் கூடாது. சொன்னா அது நானே வாங்குன மாதிரி.”

அவள் தலையாட்டினாள். பிறகு பூனையின் மாத்திரையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். கிளம்பும்போது தன் கப்பைத் தொட்டியில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு கப்புகளையும் கழுவித் தாங்கியில் கவிழ்த்தேன். துடைக்கவில்லை. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் க்வெண்டா வீட்டு விளக்கு எரிந்தது, அட்மிரலை அவள் கூப்பிடும் குரல் கேட்டது. அது உள்ளே போய்விட்டது போலிருக்கிறது, குரல் நின்றுவிட்டது.

அலமாரியை அன்று திறக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை பழைய பொருள் கடைக்கும் போகவில்லை. அவள் டிக்கெட் போட்டாயிற்று, திரும்பி வருவது மார்ச் இருபத்தோராம் தேதி. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நூற்று இருபத்தாறு நாள். நாலு தடவை எண்ணினேன். ஒன்றைக்கூட ஏற்றவோ இறக்கவோ இல்லை.